இன்னும் மூன்று மாதத்தில் போய்விடுவோம்

1

மயிலாப்பூரில் வாடகை வீட்டு ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். பன்னிரண்டாவது மாதம் வந்துவிட்டால் குடியிருப்பவனுக்கு ஏதோ உரிமை முளைத்துவிடும் என்று இங்குள்ள வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். ஆகவே எங்கள் வருடத்துக்குப் பதினொரு மாதம். ஊரில் உங்களுக்குச் சித்திரை பிறப்பதுபோல எங்களுக்கு இந்த ஒப்பந்த நாள் பிறக்கிறது. கடந்த வாரம் மறுபடியும் பிறந்தது.

வீட்டுக்காரர் கீழே குடியிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரைத் தாளோடு மாடி ஏறி வருவார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், கையெழுத்துக்கு முன் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இன்னும் எத்தனை நாள் இருப்பேள்?”

“மூண்டு மாதம், சேர். மிஞ்சிப்போனால் மூண்டு மாதம்.”

“மூணு மாசம்னு சொல்லிண்டுதான் வந்தேள். அப்போ என் பேரனுக்குப் பல்லே முளைக்கலை. இப்போ ஒண்ணொண்ணா விழுந்துண்டிருக்கு.”

இது போன ஒப்பந்த நாளில் நடந்த உரையாடல். அதற்கு முந்திய ஒப்பந்த நாட்களிலும் இதுதான்; பல்லின் நிலவரம் மட்டும் மாறும். இந்த முறை எங்கள் பதில் வேறாக இருந்தது. அதற்குக் காரணம் எழுத முடியாத ஒரு புரோகிராமும், மாடிப்படியில் ஏறாத ஒரு மேசையும்.

நாங்கள் சென்னையில் குடியேறிவிட்டோம் என்று உங்களில் சிலர் கடிதங்களில் எழுதுகிறீர்கள். தவறு. நாங்கள் சென்னையில் காத்திருக்கிறோம். என் மனைவி புவனேஸின் தமையன் ஒரு குளிர்தேசத்தில் இருக்கிறார். எங்களை அங்கே அழைக்க விண்ணப்பம் போட்டிருக்கிறார். நாட்டின் பெயரை எழுதினால் கோப்பு இன்னும் அடிக்குப் போய்விடும் என்று புவனேஸ் சொல்வதால் எழுதவில்லை. தூதரகத்திலிருந்து அவ்வப்போது கடிதம் வரும். உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது என்று அதில் இருக்கும். அதற்கு முந்திய கடிதத்திலும் அதுவே இருந்தது என்பதால் அவர்களின் நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை.

காத்திருப்பவர்களின் வீட்டுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. பெட்டிக்குள் போகாத எதையும் வாங்கக் கூடாது. கட்டில் இல்லை, அலுமாரி இல்லை, மேசை இல்லை. எங்கள் மகள் தர்சினி இரண்டு பெரிய சூட்கேஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் புத்தகத்தை வைத்துப் பிளஸ் டூ வரை படித்து முடித்தாள். கம்பளிச் சட்டைகள் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தன. சென்னை வெயிலில் கம்பளியின்மேல் முழங்கையை ஊன்றிப் பௌதிகம் படித்த பிள்ளைகள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

2

வந்த புதிதில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்ல வேண்டும்.

போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த எங்களைப் போன்றவர்கள் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். போனேன். அங்கே எழுதுகிற காவலர் ஒருவர், இங்கே அவரை ரைட்டர் என்பார்கள், என் பேச்சைக் கவனமாகக் கேட்டுவிட்டு, “மலையாளமா?” என்றார். இல்லை, தமிழ் என்றேன். “பரவால்லியே, தமிழ் நல்லாத்தான் பேசறீங்க” என்று பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“ஓனர் கையெழுத்து போட்ட அக்ரிமெண்ட் இல்லாம நான் இன்னாத்த வெச்சுப் பதியறது?”

வீட்டுக்காரரிடம் வந்தேன். “ஸ்டேஷன்ல பதிஞ்ச காகிதம் இல்லாம நான் எதை வச்சுண்டு கையெழுத்துப் போடறது?” என்றார்.

இருவரும் ஒழுங்கானவர்கள். இருவர் சொன்னதும் தனித்தனியே நியாயம். சேர்த்து வைத்தால்தான் பித்து. நான் ஊரில் கணிதம் படிப்பித்தவன் என்பதால் மயிலாப்பூர் வெயிலில் நடந்தபடியே இதை ஆராய்ந்தேன். அவர் கொடுத்தால் இவர் கொடுப்பார். இவர் கொடுத்தால் அவர் கொடுப்பார். இருவரும் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் விதி மீறப்படவில்லை. இருவரும் கடைசிவரை கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் விதி மீறப்படவில்லை. நான் பதியப்பட்டவனா இல்லையா என்ற கேள்விக்கு இரண்டு பதிலும் சரி. இப்படி இரண்டு பதிலும் சரியாக இருக்கும் ஒன்றை, அது இன்னும் வரையறுக்கப்படவே இல்லை என்று கணிதத்தில் சொல்வோம். ஒரு மனிதன் வரையறுக்கப்படாமலே மயிலாப்பூரில் இடியப்பம் சாப்பிட்டு உயிரோடு இருக்கலாம் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன்.

முடிச்சை ரைட்டர்தான் அவிழ்த்தார். “உங்க ஓனரை இங்க இட்டுகினு வா சார். ரெண்டு பேரும் ஒரே பேனால போட்டுக்கறோம்.” வீட்டுக்காரர் விசிறிமடிப்பு வேட்டியோடு காவல் நிலைய வாங்கில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் ரைட்டர் பதிந்தார். எது முதலில் நடந்தது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

3

இனி என் உத்தியோகம். தி.நகரில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கிறேன். நிலையத்தை நடத்துபவர் சபாபதி. சில வருடங்களுக்கு முன்வரை அது தட்டெழுத்து நிலையமாக இருந்தது. முன்னறையில் இன்னும் தட்டெழுத்துப் பொறிகள் சடசடத்துக்கொண்டிருக்கின்றன. பின்னறையில் குளிரூட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் கணினிகள். உள்ளே போவதற்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும். மாணவர்களில் சிலர் வலது காலை முதலில் வைத்து நுழைவார்கள். ஒருவன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பக்தி செலுத்தியும் புரோகிராம்கள் நிற்பதில்லை. ஒரு மாணவன் ஏதோ ஒரு வரியைத் தவறாக எழுதிவிடுவான். கணினி ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். திரை கறுப்பாக இருக்கும். அவனுக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் ஓடித் தீர்ந்து, வெளியே அடுத்த மாணவன் வெறுங்காலோடு நின்று முணுமுணுப்பான். ‘சார், இது யோசிக்குதா, மாட்டிக்கிச்சா?’ என்று என்னைக் கேட்பார்கள். பார்த்துச் சொல்ல முடியாது. கடினமான கணக்கைச் செய்துகொண்டிருக்கும் கணினியும் கதிகெட்டுச் சுற்றும் கணினியும் வெளியிலிருந்து ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஒரு நாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நிலையத்தின் வாசலில் புதிய பெயர்ப்பலகை ஒன்று தொங்கியது. மாணவர் எழுதும் எந்தப் புரோகிராமும் ஓடி முடியுமா முடியாதா என்பதை ஓட்டுவதற்கு முன்பே சொல்லிவிடும் அதிசயப் புரோகிராம், எங்களிடம் மட்டும், என்று அதில் எழுதியிருந்தது.

“யார் சேர் இந்தப் புரோகிராமை எழுதினது?” என்று சபாபதியிடம் கேட்டேன்.

“நீங்கதான் சார். இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க.”

அப்படி ஒன்றை எழுத முடியாது என்றேன். எனக்கு நேரம் போதவில்லை என்று நினைத்து, அடுத்த மாதம் வரை தந்தார். நேரமல்ல விஷயம், யாராலும் ஒருபோதும் முடியாது, கணினி என்ற பெட்டி பிறப்பதற்கு முன்பே இதை நிரூபித்துவிட்டார்கள் என்றேன். செய்ய முடியாது என்பதற்கு நிரூபணம் இருக்கும் என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சோம்பேறித்தனத்துக்குச் சான்றிதழ் வாங்கிவந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

விளக்கினேன். எந்தப் புரோகிராமைக் காட்டினாலும் ‘இது நிற்கும்’ அல்லது ‘நிற்காது’ என்று பிழையில்லாமல் சொல்லும் ஒரு சோதிடர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சோதிடரும் ஒரு புரோகிராம்தான். நான் ஓர் எடக்குப் புரோகிராம் எழுதுகிறேன். அதன் வயிற்றுக்குள் இந்தச் சோதிடரையே உட்கார்த்தி வைக்கிறேன். அது ஓடத் தொடங்கியதும், ‘நான் நிற்பேனா?’ என்று அவரிடம் கேட்கும். ‘நிற்பாய்’ என்று அவர் சொன்னால் என்றைக்கும் நிற்காமல் ஓடும். ‘நிற்க மாட்டாய்’ என்று சொன்னால் உடனே நின்றுவிடும். அவர் எதைச் சொன்னாலும் பொய்யாகும். ஆகவே அப்படி ஒரு சோதிடர் இல்லை. இனிப் பிறக்கவும் மாட்டார்.

சபாபதி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

“அதெல்லாம் சரி சார். அந்த எடக்குப் புரோகிராம யாரு எழுதப் போறா? நம்ம பசங்களா? அவனுங்களுக்கு வாய்ப்பாடு பிரிண்ட் பண்ணவே வரல.”

நான் வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

“போர்டு மாட்டியாச்சு, சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஓட விடுங்க. ரெண்டு நிமிஷம் குடுங்க. அதுக்குள்ள முடிஞ்சா முடியும்னு போடுங்க. முடியலன்னா முடியாதுன்னு போட்டு ஆஃப் பண்ணிடுங்க. அவ்ளோதான்.”

“மூண்டாவது நிமிஷத்தில முடியிற புரோகிராமாக இருந்தால்?”

“அவன் அதிர்ஷ்டம் அவ்ளோதான் சார். வெளிய அடுத்த பையன் நிக்கறானா இல்லியா?”

அதிசயப் புரோகிராமை அன்று பிற்பகலிலேயே எழுதி முடித்தேன். அதில் இருந்தது ஒரு கடிகாரம் மட்டுமே. மாணவர்கள் அதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு நிலையம் அடுத்த வாரமே, தங்கள் புரோகிராம் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும் என்று பலகை வைத்தது.

4

இந்த அபத்தத்தை வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது விரிவாகச் சொல்லிச் சிரித்தேன். சபாபதி பேசுவதுபோலப் பேசியும் காட்டினேன். புவனேஸ் சிரித்தாள். தர்சினி சிரிக்கவில்லை.

தர்சினியைப் பற்றி: கீழ்வீட்டு மாமியிடம் ‘இதோ வந்துண்டே இருக்கேன் மாமி’ என்பாள். ஆட்டோக்காரரிடம் ‘இன்னாப்பா, மீட்டர் போட மாட்டியா’ என்பாள். எங்களிடம் நம்மூர் வழக்கில் ‘ஓம்’ என்பாள். முதல் இரண்டும் தாமாக வருகின்றன. மூன்றாவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறாள். புவனேஸ் இதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை, நானும் காட்டிக்கொள்வதில்லை.

அந்த வாரம்தான் அடையாற்றுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவளுக்குக் கணிதப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது எளிதல்ல. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். விட்டால் அடுத்தவளுக்குப் போய்விடும். சேருவதில் ஒரே ஒரு சிக்கல். சென்னைக் கல்லூரிகள் சேரும்போது மாணவரின் மூலச் சான்றிதழ்களை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். படிப்பு முடியும்போதுதான் திருப்பித் தரும். பாதியில் கேட்டால் தருவதற்குள் தலை நரைத்துவிடும். தூதரகமோ நேர்முகத்துக்குக் கூப்பிடும் நாளில் அதே மூலச் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்லும். பிரதி செல்லாது. கல்லூரியில் கொடுத்தால் தூதரகத்துக்கு இல்லை. தூதரகத்துக்காக வைத்திருந்தால் கல்லூரி இல்லை.

“சேர்த்த அடுத்த நாளே கடிதம் வரும். நீங்கள் பாருங்கோவன்” என்றாள் புவனேஸ்.

“அப்ப சேர்க்காமல் விடுவம்” என்றேன்.

“சேர்க்காட்டில் வராது.”

“அப்ப சேர்ப்பம்.”

“சேர்த்தால் வந்திடும் எண்டெல்லோ சொல்லுறன். வந்தால் சேட்டிபிக்கற் இல்லாமல் என்னத்தைக் காட்டுறது?”

தர்சினி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்பா, உங்கட எடக்குப் புரோகிராம் எங்கட வீட்டிலதான் இருக்கு.”

“அம்மாவை அப்பிடிச் சொல்லாதை.”

“அம்மாவைச் சொல்லேல்லை. அந்தத் தூதரகத்தைச் சொல்லுறன். நாங்கள் என்ன நினைச்சாலும் அது மாறிச் செய்யும் எண்டுதானே அம்மா சொல்லுறா. அப்ப அதைப் பற்றி நினைச்சு என்ன பிரயோசனம்?”

புவனேஸ் எழுந்து ரசச் சட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். சட்டியில் ரசம் இன்னும் இருந்தது.

நான் தகப்பன் என்ற முறையில் சமாதானம் சொல்ல முற்பட்டேன். இவ்வளவு காலம் பொறுத்தாகிவிட்டது, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், அடுத்த வருடமும் கல்லூரி இருக்கும் என்றேன். இவ்வளவு காலம் ஓடிவிட்டதால் இனி முடிவு கிட்டத்தில்தான் இருக்கும் என்றும் சொன்னேன். இதே வாதத்தை ஒரு மாணவன் சொல்லியிருந்தால் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். எவ்வளவு நேரம் ஓடியது என்பது எப்போது நிற்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைத்தான் நான் காலையிலும் மாலையிலும் கரும்பலகையில் எழுதுகிறேன்.

தர்சினி கேட்டாள்: “சபாபதி சார் ரெண்டு நிமிஷம் குடுத்தார். நாங்கள் எவ்வளவு குடுத்திருக்கிறம்?”

“பிள்ளை, அவர் செய்தது பிழை. ரெண்டு நிமிஷத்தில நிக்காட்டில் நிக்காது எண்டு அர்த்தமில்லை.”

“நிக்காது எண்டு நான் சொல்லேல்லையே. கடிதம் வராது எண்டும் சொல்லேல்லை. வரட்டும். இனி எனக்குக் காத்திருக்க ஏலாது எண்டுதான் சொல்லுறன். அது வேற, இது வேற.”

அது வேறு, இது வேறுதான். சபாபதிக்கு நான் விளக்கத் தவறிய வித்தியாசம் அது. அவர் திரையில் ‘முடியாது’ என்று போடச் சொன்னதுதான் பொய்; கடிகாரம் வைத்ததில் பொய் ஒன்றும் இல்லை. வெளியே வெறுங்காலோடு ஒருவர் நிற்கும்போது கடிகாரம் வைக்காமல் வேறென்ன செய்வது. எங்கள் வீட்டில் அப்படி நின்றுகொண்டிருந்தது யார் என்பதை நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். உயரமாக வளர்ந்திருந்தாள்.

அடுப்படியிலிருந்து புவனேஸின் குரல் வந்தது: “வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் போகோணும்?”

5

மூவரும் போனோம். கல்லூரி அலுவலகத்தில் ஓர் அம்மாள் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்துப் பெரிய உறைக்குள் போட்டார்.

“ஒரிஜினல் எல்லாம் கோர்ஸ் முடிஞ்சுதான் தருவோம். சரியா?”

“நடுவில தேவைப்பட்டால்?” என்று கேட்டாள் புவனேஸ்.

“எதுக்கும்மா நடுவுல?”

புவனேஸ் உறையைப் பார்த்தாள். தூதரகம் கூப்பிடும்போது உடனே எடுக்க வேண்டும் என்று அத்தனை வருடமும் தலையணைக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தவை. “ஒண்டுமில்லை” என்றாள். அந்த அம்மாள் உறையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த நாள் தபால்காரர் வந்தார். புவனேஸ் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள். வந்தது கீழ்வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை. திங்கட்கிழமையும் ஒன்றும் வரவில்லை. சேர்த்தால் வந்துவிடும் என்ற அவளுடைய கணிப்பும் பொய்த்தது. அந்தத் தூதரகத்துக்கு மாறிச் செய்கிற அளவுக்குக்கூட எங்கள்மேல் அக்கறை இல்லை என்று தெரிந்தது. அவமானம்தான். ஆனால் அன்று பிற்பகல் அவள் என்னிடம் சொல்லாமல் வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது தெருவில் மீன்பாடி எனும் மூன்று சக்கரச் சாமான் வண்டியின் மணி கேட்டது. வண்டியில் ஒரு தேக்கு மேசை மல்லாந்து கிடந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் பழைய சாமான் கடையில் பிடித்திருக்கிறாள். ஏதோ மூடப்பட்ட கம்பெனியின் மேலாளர் மேசையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் பாதி அகலம். வண்டிக்காரர் மாடிப்படியை ஒரு முறை பார்த்தார், மேசையை ஒரு முறை பார்த்தார்.

“இது படில ஏறாது சார். கயிறு கட்டி பால்கனி வழியாத்தான் இழுக்கணும். இன்னா யோசிக்காம வாங்கிக்கினு வந்துகீறாங்க.”

கீழ்வீட்டு மாமி துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். தெருவில் போன இருவர் கேட்காமலே கை கொடுத்தார்கள். மற்ற எல்லோரும் ஆலோசனை கொடுத்தார்கள். மேசை அந்தரத்தில் சுழன்று, பால்கனிச் சுவரில் காரையைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. வண்டிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“காலி பண்ணிக்கினு போம்போது இத்த எப்டி எறக்குவீங்க?”

பழக்க தோஷத்தில், “மூண்டு மாத…” என்று தொடங்கினேன்.

“அது அப்ப பாப்பம்” என்றாள் புவனேஸ்.

கடந்த வாரம் வீட்டுக்காரர் முத்திரைத் தாளோடு வந்தபோது அந்த மேசையில்தான் வைத்து எழுதினார். பெயர்ந்த காரையைப் பற்றி முதலில் சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

“இன்னும் எத்தனை நாள் இருப்பேள்?”

நான் வாயைத் திறப்பதற்குள் புவனேஸ் சொன்னாள்: “பிள்ளை படிச்சு முடிக்குமட்டும்.”

“அது எப்போ முடியும்?”

“மூணு வருஷம், மாமா” என்றாள் தர்சினி, புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

எங்கள் தொழிலில் இரண்டு வகைச் சுற்று உண்டு. ஒன்று, ஏதோ நடக்கும்வரை சுற்றுவது. அது நிற்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மற்றது, இத்தனை முறை என்று முதலிலேயே எழுதிவிட்டுச் சுற்றுவது. அது நிற்கும், அதற்குச் சோதிடர் வேண்டாம். வீட்டுக்காரருக்கு இதை விளக்கலாமா என்று யோசித்து, சபாபதி நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

“மூணு வருஷமா” என்று அவர் சற்று ஏமாற்றத்தோடு சொன்னார். “எனக்கு உங்க மூணு மாசமே பழகிப் போச்சு, சார்.” பிறகு பதினொரு மாதத்துக்கே எழுதிக் கையெழுத்திட்டார்.

சூட்கேஸ்களின்மேல் இப்போது யாரும் படிப்பதில்லை. இரண்டும் மேசைக்குக் கீழே இருக்கின்றன. ஒன்றிலிருந்த கம்பளிச் சட்டைகளைப் புவனேஸ் மற்றதற்குள் திணித்துவிட்டு, காலியானதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். அந்த மணம் இனி அந்தப் பெட்டியை விட்டுப் போகாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.